பழைய டிராக்டரும் அதன் பின்தண்டும்: சங்கத்தார் அறிய வேண்டியவை

ஒரு கூட்டுறவு ஆய்வாளர் எழுதுவது

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கும் குடியானவர் அதன் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், சிறிது தூரம் நடத்தியும் பார்க்கிறார். அதற்குப் பின்னரே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறார். இத்துணை எச்சரிக்கை உடைய நாம், பழைய டிராக்டர் ஒன்றை வாங்கும்போது குதிரைத் திறன் எவ்வளவு, டயர் எப்படி, விலை என்ன என்ற மூன்று வினாக்களோடு நின்றுவிடுகிறோம். வண்டியின் பின்புறத்தில், இரு பெருஞ்சக்கரங்களுக்கும் நடுவே, ஒரு சாண் அளவுகூட வெளியே நீளாத ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது. ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் அதனைப் பி.டி.ஓ. என்பர். மோட்டாரின் விசையைக் கருவிக்குக் கொடுப்பது அதுவே. அது எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்போர் மிகச் சிலர். கேளாமற்போனதால் நேர்ந்த ஒரு பிழையில் எனக்கும் பங்குண்டு. ஆகையால் இதனை எழுதத் துணிந்தேன்.

தீவில் நடந்தது

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட சீரங்கத் தீவில், மேற்கே மேலூர் முதல் கிழக்கே கிளிக்கூடு வரை, வாழையும் தென்னையும் நெல்லும் விளைகின்றன. அத்தீவின் சிற்றூர் ஒன்றிலுள்ள சங்கம், அங்கத்தினருக்கு வாடகைக்கு விடும் பொருட்டுப் பழைய டிராக்டர் ஒன்றை வைத்திருந்தது. தோப்புகளில் மண்டும் புல்லையும் சருகையும் வெட்டுவதற்காக, கத்திகள் கிடையாகச் சுழலும் வெட்டுக் கருவி ஒன்றையும் பின்னர் வாங்கினர். மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டன. குறைந்த விலைக்கு ஆணை வழங்கப்பட்டது. நிர்வாகக் குழுவின் தீர்மானமும் முறையாக இருந்தது. ஏட்டளவில் குறை ஒன்றுமில்லை.

முதற் பருவத்திலேயே, வாய்க்கால் கரையை ஒட்டிய தோப்பின் கோடியில், அந்த வண்டி கரையைத் தாண்டி வாய்க்காலுக்குள் முன்சக்கரத்தை இறக்கிவிட்டது. ஓட்டுநர் குதித்துத் தப்பினார். முன் அச்சு வளைந்தது. ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று தீர்மானம் எழுதப்பட்டது. பழுது பார்த்த செலவை அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்வதென்றும் முடிவாயிற்று.

ஆய்வுக்குச் சென்றபோது அந்த ஓட்டுநர் என்னிடம், “ஐயா, கிளட்சை முழுக்க மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் போயிற்று” என்றார். இருபத்தைந்து ஆண்டுகள் வண்டி ஓட்டியவர் அவர். பட்டம் பெற்றவன் என்ற நினைப்பில் நான் அதனை நம்பவில்லை. கிளட்சை மிதித்தால் வண்டி நிற்கும் என்பது எனக்குத் தெரிந்த பாடம். தீர்மானத்தை ஏற்றுக் குறிப்பெழுதிவிட்டுத் திரும்பினேன்.

சில வாரங்கள் கழித்து, வேறொரு சங்கத்தின் வண்டிக்காகத் திருச்சியில் ஒரு பட்டறைக்குச் செல்ல நேர்ந்தது. பேச்சுவாக்கில் இச்செய்தியைக் கூறினேன். அங்கிருந்த முதிய மெக்கானிக், “அது சிங்கிள் கிளட்ச் வண்டிதானே? அப்படியானால் தள்ளத்தான் செய்யும். ஓட்டுநர் சொன்னது சரி” என்றார். அவர் விளக்கியதைக் கேட்டபின் அன்றிரவு எனக்கு நல்ல உறக்கம் இல்லை.

தண்டு வந்த வரலாறு

டிராக்டர் தோன்றிய தொடக்க காலத்தில் அது இழுப்பதற்கும், பக்கவாட்டிலுள்ள கப்பியில் வார் பூட்டி நின்ற இடத்தில் யந்திரம் ஓட்டுவதற்கும் மட்டுமே பயன்பட்டது. கதிர் அறுத்துக் கட்டும் கருவி போன்றவை தமது சொந்தச் சக்கரம் தரையில் உருள்வதால் கிடைக்கும் விசையைக் கொண்டே இயங்கின. ஈர நிலத்தில் அச்சக்கரம் வழுக்கினால் கருவி நின்றுவிடும். இக்குறையை நீக்க, மோட்டாரின் விசையையே ஒரு தண்டின் வழியாகக் கருவிக்குக் கொடுக்கும் முறை வந்தது. அமெரிக்காவின் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918-ஆம் ஆண்டையொட்டி இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக, 1927-இல் அமெரிக்க வேளாண்மைப் பொறியாளர் சங்கம் தண்டின் வேகத்திற்கும் அளவிற்கும் ஒரு நியமம் வகுத்தது. நிமிஷத்திற்கு 540 சுற்று என்று இன்று நாம் கூறுவது அதன் வழி வந்ததே.

நம் நாட்டில் 1959-இல் பரீதாபாத்தில் ஐஷர் நிறுவனமும், 1960-இல் சென்னையில் தொடங்கிய டாபே நிறுவனமும், 1963-இல் மஹிந்திராவின் இண்டர்நேஷனல் நிறுவனமும் டிராக்டர் தொழிலில் இறங்கின. ஒரே பெயரும் ஒரே குதிரைத் திறனும் உடைய மாடல் ஒற்றைக் கிளட்சிலும் இரட்டைக் கிளட்சிலும் விற்கப்பட்டதுண்டு. ஆகவே பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து வகையை அறிந்துவிட முடியாது.

நான்கு வகைகள்

முதலாவது, கியர்ப் பெட்டியின் வழியே சுழலும் தண்டு. இதுவே சிங்கிள் கிளட்ச் வண்டியில் உள்ளது. மோட்டாரின் விசை ஒரே கிளட்சைக் கடந்து, பின்னர்ச் சக்கரத்திற்கும் தண்டிற்கும் பிரிகிறது. கிளட்சை மிதித்தால் இரண்டிற்கும் விசை அற்றுப்போகும். ஆனால் சக்கரமும் தண்டும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும். கனத்த கத்திகள் வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தால், அச்சுழற்சியின் விசை தண்டின் வழியே திரும்பி வந்து, கியரின் மூலம் சக்கரத்தை உருட்டும். மோட்டார் விலகிவிட்டது; கருவியே வண்டியை ஓட்டுகிறது! அந்த ஓட்டுநரைப் பின்னாலிருந்து தள்ளியது அவர் பூட்டியிருந்த வெட்டுக் கருவிதான்.

உறையூர் நெசவாளர் அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். விசைத்தறியில் மிதியும், நாடா எறிதலும், அச்சு அடித்தலும் ஒரே தண்டில் பிணைந்தவை. ஒன்று ஓடினால் யாவும் ஓடும். மோட்டாரை நிறுத்தினாலும் பிரேக் பிடிக்கும் வரை தறி தன் வேகத்தில் சுழலும். கைத்தறியிலோ கால் வேறு, கை வேறு. கையை நிறுத்திவிட்டுக் காலை இயக்கலாம். சிங்கிள் கிளட்ச் வண்டி விசைத்தறி போன்றது. அடுத்து வரும் இரு வகைகளும் கைத்தறி போன்றவை.

இரண்டாவது, இரட்டைக் கிளட்ச் வண்டி. ஒரே மிதியில் இரு கட்டங்கள் உண்டு. பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும். தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். முழுதும் மிதித்தால் தண்டும் விசையிழக்கும். கனடாவின் காக்‌ஷட் நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் தனித்தியங்கும் தண்டைத் தன் வண்டியில் அமைத்துப் புகழ்பெற்றது. 1956-இல் வெளிவந்த பெர்குசன் 35 வண்டியின் உயர்ந்த வகையில் இரட்டைக் கிளட்ச் இருந்தது.

மூன்றாவது, முற்றிலும் தனித்த தண்டு. இதற்கெனத் தனிக் கிளட்சும் தனிக் கைப்பிடியும் உண்டு. கால் மிதிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நான்காவது, சக்கரத்தோடு சுழலும் தண்டு. வண்டி நகர்ந்தால் சுழலும், நின்றால் நிற்கும், பின்னோக்கிச் சென்றால் தானும் மறுபுறம் சுழலும். நகரும் தூரத்திற்கு ஏற்ப இயங்க வேண்டிய விதைப்புக் கருவி போன்றவற்றிற்கு இது உதவும். பெர்குசன் 35 வண்டியில் இதுவும் இருந்தது. இதனைத் தேர்ந்தெடுக்கும் கைப்பிடி தவறான நிலையில் இருந்தால், கருவி பழுது என்று எண்ணி வீணே பிரித்துப் பார்க்க நேரிடும்.

எந்த வேலைக்கு எந்த வண்டி?

சிங்கிள் கிளட்ச் வண்டி பயனற்றது என்று யான் கூறவில்லை. கொத்துக் கலப்பை உழவு, டிரெயிலர், நின்ற இடத்தில் ஓடும் பம்பு, கதிரடிக்கும் யந்திரம் ஆகியவற்றிற்கு அது போதும். இடர்ப்பாடு நகர்ந்துகொண்டே செய்யும் வேலைகளில்தான். வைக்கோல் உருளை கட்டும் யந்திரத்தை நோக்குங்கள். உருளை நிறைந்ததும் வண்டி நிற்க வேண்டும். ஆனால் கயிறு சுற்றுவதற்காகக் கருவி ஓட வேண்டும். சிங்கிள் கிளட்சில் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிக் கிளட்சை விட்டு, நிறைந்த சுமையோடு மீண்டும் ஓட்டத் தொடங்க வேண்டும். ஒவ்வோர் உருளைக்கும் இப்படியே. கிளட்சுத் தட்டு எத்தனை நாள் தாங்கும்?

ரோட்டாவேட்டரும் அவ்வாறே. வாழை வெட்டிய கொல்லையில் கட்டையும் நாரும் கத்தியில் சுற்றிக்கொண்டால், வண்டியை நிறுத்திக் கருவியைச் சுழலவிட்டு விடுவிக்க இரட்டைக் கிளட்சில் முடியும். சிங்கிள் கிளட்சில் வண்டியோடு கருவியும் மண்ணுக்குள்ளேயே நிற்கும். சிங்கிள் கிளட்சிலும் ரோட்டாவேட்டர் ஓட்டுவோர் பலர் உண்டு. எனினும் கனத்த கொல்லைக்கு அது ஏற்றதன்று.

சுழலும் வெட்டுக் கருவியைச் சிங்கிள் கிளட்ச் வண்டியில் பூட்டியே தீர வேண்டுமாயின், ஒருவழி இணைப்பான் ஒன்றைத் தண்டில் பொருத்த வேண்டும். மிதிவண்டியின் பிரீவீல் போன்றது அது. மிதித்தால் சக்கரம் சுழலும். சக்கரம் சுழல்வதால் மிதி சுழலாது. அவ்வாறே வண்டி கருவியை ஓட்டும். கருவி வண்டியை ஓட்டாது. ஆயின் இது தண்டின் நீளத்தைச் சில அங்குலம் கூட்டும். ஆதலால் நடுவிலுள்ள இணைப்புத் தண்டின் நீளத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கருவியைத் தூக்கும்போது அது முட்டி உடையும்.

அளவும் வேகமும்

இன்று பெரும்பாலும் காணப்படுவது 35 மில்லிமீட்டர், அதாவது 1⅜ அங்குலக் குறுக்களவும் 6 வரிப்பற்களும் கொண்ட தண்டு. 540 சுற்றுக்கு உரியது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்யப்பெற்ற பழைய பெர்குசன் டி.இ.20 வண்டியின் தண்டு 1⅛ அங்குலமே. அதற்கு உறை போட்டே இன்றைய கருவியைப் பூட்ட இயலும். அவ்வண்டியில் ஹைட்ராலிக் பம்பும் அதே தண்டினால் ஓடுவது. கிளட்சை மிதித்தால் கருவியைத் தூக்கும் விசையும் நின்றுவிடும். 21 வரிப்பற்கள் கொண்ட 35 மில்லிமீட்டர்த் தண்டு 1000 சுற்றுக்கு உரியது. 540-க்கு எனச் செய்த கருவியை 1000-இல் ஓட்டினால் அது சிதறும். மேலும், 540 சுற்றுக் கிடைக்க மோட்டார் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். கைநூலிலோ மீட்டரிலோ அதற்குரிய குறியைப் பார்த்தே ஓட்டுதல் வேண்டும்.

வேட்டி கட்டியோர் கவனிக்க

540 என்ற எண் ஏட்டில் சிறிதாகத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு விநாடிக்கு 9 சுற்று. 35 மில்லிமீட்டர்த் தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். எனவே அதில் பற்றிய துணி விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் சுருட்டப்படும். நான்கு முழ வேட்டி முழுவதும் உள்ளே செல்ல இரண்டே விநாடி. துணி சுற்றச் சுற்றப் பருமன் கூடி வேகமும் கூடும். ‘ஐயோ’ என்று கூவி, ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதற்குள் யாவும் முடிந்துவிடும். வேட்டி மட்டுமன்று, தோளில் கிடக்கும் துண்டும், வைக்கோல் அள்ளும் பெண்டிரின் முந்தானையும் கூந்தலும் இவ்வாறே.

கதிரடிக்கும் விசை யந்திரங்களால் நம் நாட்டில் உடலுறுப்பு இழந்தோர் பலர். அத்தகைய யந்திரங்களை ஒழுங்குபடுத்த 1983-இல் மத்திய அரசு ஒரு தனிச் சட்டமே இயற்றியது. ஆயினும் சட்டம் வயலுக்கு வந்து காவல் நிற்காது. தண்டின் மேலுள்ள காப்புத் தகடும், இணைப்புத் தண்டின் மேல் போர்த்த உறையும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். சுழலும் தண்டை ஒருபோதும் தாண்டலாகாது. அடைப்பை எடுக்குமுன் மோட்டாரையே நிறுத்துதல் வேண்டும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதியில் சக்கரம் நின்றது கண்டு, தண்டும் நின்றுவிட்டது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

ஒரு நிமிஷச் சோதனை

வண்டியின் வகையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. கருவி எதுவும் பூட்டாமல், சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, மெதுவான ஓட்டத்தில் பி.டி.ஓ.வை இயக்குக. ஒருவர் எட்ட நின்று தண்டை நோக்கட்டும். ஓட்டுநர் கிளட்சை மெல்ல மிதிக்கட்டும். கிளட்ச் விலகியவுடன் தண்டும் தளர்ந்து நின்றால் சிங்கிள் கிளட்ச். இடையில் ஒரு தடை தட்டுப்பட்டு, அதுவரை சுழன்று, முழு மிதியில் மட்டும் நின்றால் இரட்டைக் கிளட்ச். முழுதும் மிதித்தும் சுழன்றால் தனித்த தண்டு. நியூட்ரலில் சுழலவே இல்லையெனில், கைப்பிடி சக்கரத்தோடு சுழலும் நிலையில் உள்ளதா என்று பார்க்க.

இச்சோதனையின் முடிவைச் சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில், வண்டியின் எண்ணுக்கு எதிரே, ஒரு வரியாக எழுதி வைக்கும்படி இப்போது நான் ஆய்வு செய்யும் சங்கங்களையெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கருவிக்கு விலைப்புள்ளி கோரும் கடிதத்திலும் அவ்வரி இடம்பெற வேண்டும். வண்டி ஓட்டுபவரைக் கலந்துகொள்ளாமல் கருவி வாங்கும் தீர்மானம் எதுவும் நிறைவேற்றலாகாது என்பதும் என் வேண்டுகோள்.

தீவுச் சங்கத்திற்கு நான் மீண்டும் சென்றேன். நிர்வாகக் குழுவினர் முன்னிலையில் மெக்கானிக் கூறியதை எடுத்துரைத்து, என் முந்தைய குறிப்பு தவறு என்று எழுதிக் கையொப்பமிட்டேன். குழுவினர் பெருந்தன்மையோடு பழைய தீர்மானத்தை ரத்து செய்தனர். பிடித்த தொகை ஓட்டுநருக்குத் திரும்ப வழங்கப்பட்டது. வண்டிக்கு ஒருவழி இணைப்பானும் வாங்கப்பட்டது. பணத்தைப் பெற்றுக்கொண்ட அப்பெரியவர், “அன்றைக்கே வண்டியில் ஏறிப் பார்த்திருக்கலாமே, ஐயா” என்று மட்டும் சொன்னார். இப்போதெல்லாம் டிராக்டர் உள்ள சங்கத்திற்குச் சென்றால், பதிவேட்டைத் திறப்பதற்கு முன் வண்டியின் பின்புறம் சென்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.