பெண் பச்சோந்திக்கு எந்த ஊர்?

மடகாஸ்கரின் வடமேற்கே உள்ள நோசி பே தீவில் ஆண் பேந்தர் பச்சோந்தி நீலப்பச்சை நிறம். பெருந்தீவுக்குள் அம்பிலோபே பக்கம் போனால், அதே பச்சோந்தியின் பச்சை உடலில் நீலமோ சிவப்போ பட்டை பட்டையாக ஓடும். செல்லப்பிராணியாக இதை வளர்ப்பவர்கள் இந்த ஊர்ப்பெயர்களைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள்.

சிக்கல் பெண்ணிடம் இருக்கிறது. எந்த ஊர்ப் பெண்ணும் மங்கிய இளஞ்சிவப்பு அல்லது பழுப்புதான். அம்பிலோபே ஆணையும் வேறு ஊரான அம்பான்ஜாவின் பெண்ணையும் இணைத்தால் குஞ்சு பொரிக்கும். ஆண் குஞ்சுகள் கண்ணைப் பறிக்கும் அழகோடும் வளரலாம். ஆனால் உடன்பிறந்த பெண் குஞ்சுகள் அம்பிலோபே என்ற பெயரில் கைமாறிவிட்டால், பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. முட்டை பொரியவே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். ஆண் குஞ்சுக்கு நிறம் தெளிய இன்னும் பல மாதங்கள். குட்டு வெளிப்படுவதற்குள் அந்தப் பெண்கள் எங்கெங்கோ போய் முட்டையிட்டிருக்கும். போதாததற்கு, பெண் பச்சோந்தி விந்தை உடலில் சேமித்து வைக்கக்கூடியது. பிறகு சரியான ஆணோடு சேர்த்தாலும் அடுத்த முட்டைகளுக்குத் தந்தை யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இது வெறும் நிற விவகாரம் இல்லை. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷெல் மிலின்கோவிச் குழுவினர் மடகாஸ்கர் ஆய்வாளர்களோடு சேர்ந்து 324 பச்சோந்திகளைப் படம்பிடித்து, ஒவ்வொன்றிடமும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து மரபணுவை ஆராய்ந்தார்கள். அந்தந்த வட்டாரக் கூட்டங்கள் ஒன்றோடொன்று பெரிதாகக் கலக்கவில்லை என்பது தெரிந்தது. ஒரே இனம் என்று நினைத்தது 11 இனங்களாக இருக்கலாம் என்று 2015-இல் எழுதினார்கள். அப்படியானால் வளர்ப்பவர்கள் ஊர்க்கலப்பு என்று சாதாரணமாகச் சொல்வது இனக்கலப்பே.

கலப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்ப இணைத்தால் குஞ்சுகள் நலிந்துபோகும். உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து, அதே ஊரைச் சேர்ந்த, உறவில்லாத இன்னொரு வம்சாவளியிலிருந்து ஜோடி தேடுவது. வேறு ஊர் இரத்தத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

வாங்கப் போகிறவர்கள் தகப்பன் படத்தோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம். தாயின் தகப்பனுடைய படத்தையும் கேளுங்கள். பெண்ணின் ஊரைக் காட்டுவது அதுதான். அது இல்லையென்றால் அந்தக் குஞ்சைக் கலப்பு என்றே எழுதிவைத்து வளருங்கள், ஊர்ப்பெயர் சொல்லி விற்காதீர்கள்.