தட்டு விற்ற கடை

பேச்சிப்பாறை அணைக்கு மேலே, காணிக்காரர் குடியிருப்புகள் பக்கம் போனால் பாட்டுக் கேட்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேட வேண்டியிருக்கும். பழைய கிராமபோனுக்கு அந்தப் பாடு இல்லை. கரண்டுகூட வேண்டாம். சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும். அது தளரத் தளர இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும்.

தட்டு அரக்கில் செய்தது. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி விட்டுப்போகும் பிசினோடு கல்மாவும் கரியும் கலந்து, சூட்டோடு அச்சில் அழுத்துவார்கள். விளிம்பில் தொடங்கி நடுவரை சுற்றிப் போவது ஒரே ஒரு பள்ளக்கோடுதான். பாடியவர் குரல் அந்தக் கோட்டை இடமும் வலமுமாக நெளித்து வைத்திருக்கும். நெளிவில் ஓடும் எஃகு ஊசி அதிரும். அந்த அதிர்வு மெல்லிய அப்பிரகத் தகட்டுக்கு ஏறும். குழல் அதைக் கூடம் முழுக்கக் கேட்க வைக்கும். கல்மாவு வேண்டுமென்றே சேர்ப்பது. ஊசிமுனை தேய்ந்து கோட்டுக்குள் சரியாக உட்கார வேண்டுமே! ஆகவே பக்கத்துக்கு ஓர் ஊசி செலவு.

ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும். வித்வான்கள் ஆலாபனையைச் சுருக்கினார்கள். நாடகங்களைப் பல தட்டுகளாக வெட்டி ‘செட்’ என்று விற்றார்கள்.

காரைக்குடியில் அப்பாவின் கடையில் இப்படித் தட்டு விற்றவர் ஏ.வி. மெய்யப்பன். எந்தக் குரல் விலைபோகிறது என்று கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் முதலில் தெரியும். அடுத்தவர் தயாரிப்பதை விற்பானேன் என்று, 1932இல் நண்பர்களோடு மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மானிய ஓடியன் தட்டுகளுக்கு ஏஜென்சி எடுத்து, பாட்டும் நாடகமும் தாமே பதிவு செய்தார்.

1935இல் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’ படம் கையைச் சுட்டது. 1938இல் ‘நந்தகுமார்’. ஒரு நடிகையின் பாட்டு திருப்தியாக இல்லையென்று லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்துப் படத்தில் சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாட்டுக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்பார்கள். முகம் தெரியாத குரலை வருஷக்கணக்கில் விற்றவருக்கு இந்த யோசனை தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவருடைய ஏவிஎம் பட நிறுவனம் பிறந்தது 1945இல்.

இதே வழியில் 1989இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு தட்டுக்கடை நடந்தது. பெயர் வார்ப். மின்னணுக் கருவிகளிலேயே உருவான டான்ஸ் இசையை டிஜேக்கள் வந்து கேட்டு வாங்குவதைப் பார்த்துத் தாங்களே லேபிள் தொடங்கினார்கள். அரசாங்கத்தின் சுயதொழில் உதவிப்பணத்தில் முதல் வெளியீட்டை 500 தட்டு அடித்து, இரவல் காரில் ஏற்றிக் கடை கடையாகப் போட்டார்கள்.