சுமப்பவன் சிரிக்கட்டும்!

தோழர்களே! விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மன்றத்திலோ வீட்டிலோ, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படங்களைப் பாருங்கள்: லாரல், ஹார்டி இரட்டையரின் ‘மியூசிக் பாக்ஸ்’ (1932), சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936).

“கோமாளிக் கூத்துத்தானே!” என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. பிதுக்கட்டும்! பாரம் தூக்கியறியாத தோளுக்கு அந்தக் கூத்து எங்கே புரியப்போகிறது?

130-க்கும் மேற்பட்ட படிகள். பெட்டிக்குள்ளே பியானோ. ஏற்றுகிறார்கள், உருண்டோடுகிறது. மீண்டும் ஏற்றுகிறார்கள், மீண்டும் உருளுகிறது. ஒருவழியாக உச்சியை அடைந்தால் தபால்காரர் சொல்கிறார், வண்டி வரவே பாதை இருக்கிறதென்று! உடனே இருவரும் என்ன செய்கிறார்கள்? பெட்டியைக் கீழே இறக்கி, வண்டியிலேற்றி, மறுபடி மேலே கொண்டுவருகிறார்கள்! மேலிடத்து உத்தரவுக்காக இப்படி இறக்கி ஏற்றாதவர் நம்மில் யார்?

சாப்ளினோ ஆலைக்குள்ளேயே அழைத்துப்போகிறார். இரு கையிலும் ஸ்பேனர். ஓடும் பட்டையிலே நட்டு முடுக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்தை மிச்சம்பிடிக்க ஓர் ஊட்டும் இயந்திரம் வருகிறது. சோளக்கதிர் வெறிபிடித்துச் சுழன்று அவர் பல்லைப் பதம் பார்க்கிறது. கடைசியில் முதலாளி வேண்டாமென்கிறார். தொழிலாளி பட்ட பாட்டைக் கண்டா? இல்லை; நடைமுறைக்கு ஒத்துவராதாம்!

ஆங்கிலம் தெரியாதே என்ற கவலை வேண்டாம். சாப்ளின் வாய்திறப்பது ஒரு பாட்டுக்குத்தான். அதுவும் எந்த மொழியிலும் சேராத பாட்டு!

பிள்ளைகளையும் உட்காரவையுங்கள். அப்பாவுக்கு ஆலையிலே என்ன வேலை என்று கேட்டால், அந்தப் பட்டைக் காட்சியை இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள்.