வரவில் எழுத மறந்த கணக்கு



நம் நாட்டின் பொருளாதாரம் நலிந்து நிமிர்ந்த கதையைச் சொல்லும்போது மந்திரிமார்களையும் ஆலை அதிபர்களையும் பாராட்டுவது வழக்கம். கணக்கை ஊன்றிப் பார்த்தால் வரவுப் பக்கத்தில் எழுத மறந்த ஓர் இனம் தெரியும். அதுதான் பொறியியல் படித்த பெண்களின் உழைப்பு.

1947ல் சுதந்திரம் அடைந்தபோது மின்சாரம் அரிது, தானியம் பற்றாக்குறை. 1966ல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தோம். நம் தந்தையார் காலத்து மண்டிக்காரர்கள் அமெரிக்கக் கோதுமையை நன்கு அறிவார்கள். அந்த நிலையிலிருந்து மீள அணையும் மின்சாரமும் சாலையும் பாலமும் தேவைப்பட்டன.

மின்சாரத்தில் ஒரு முன்னோடி

சென்னையில் 1919ல் பிறந்தவர் அ. லலிதா. 15 வயதில் திருமணம் நடந்தது. 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். அக்கால வழக்கப்படி மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவரை, கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை அதே கல்லூரியில் சேர்த்துவிட்டார். மின்பொறியியல் பட்டம் பெற்ற லலிதா, பின்னர் கல்கத்தாவில் மின்பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1963ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்த அணையின் நீர் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் வயல்களுக்குப் பாய்ந்தது. வடக்கிலிருந்து நம் கிடங்குக்கு வந்திறங்கும் கோதுமை மூட்டைக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பும் இருக்கிறது.

அதே கல்லூரியில் அவர் காலத்தில் படித்தவர் பி.கே. திரேசியா. கேரளப் பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து 1971ல் தலைமைப் பொறியாளர் ஆனார். பாலமும் சாலையும் சரியாக இல்லையென்றால் லாரி வாடகை ஏறும், சரக்கு வழியிலேயே அழுகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1991க்குப் பின்

1991ல் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற அளவுக்குக் கரைந்தது. ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன்னை வெளிநாட்டில் ஈடு வைத்துக் கடன் வாங்க நேர்ந்தது. நகையை அடகுக்கு அனுப்பிவிட்டுக் கடை நடத்தியவர்களுக்கு அந்த வலி புரியும். அதன்பின் டாலரைக் கொண்டுவந்த தொழில்களில் கம்ப்யூட்டர் மென்பொருள் ஏற்றுமதி முக்கியமானது. அதில் ஆணுக்கு நிகராகப் பெண் பொறியாளர்களும் உழைத்தார்கள். இன்போசிஸ் நிறுவனம் 1981ல் தொடங்கியபோது முதலாக அமைந்த பத்தாயிரம் ரூபாயைத் தந்தவர் சுதா மூர்த்தி. அவரும் பொறியியல் படித்தவரே. டெல்கோ தொழிற்சாலையில் முதல் பெண் பொறியாளராக வேலை பார்த்தவர். சிறு சேமிப்பு பெரிய நிறுவனத்துக்கு முதலானது என்பது வியாபாரிக்கு எளிதில் விளங்கும் பாடம்.

நாம் செய்வது என்ன?

இன்று நம் வீட்டுப் பெண்களும் பொறியியல் படிக்கிறார்கள். கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்தும், வட்டிக்கு வாங்கியும் நான்கு ஆண்டுகள் படிக்க வைக்கிறோம். பட்டம் வந்ததும், "வெளியூர் வேலை வேண்டாம்மா, நல்ல இடம் வந்திருக்கிறது" என்கிறோம். சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடுகிறது. அசல் சரக்கைக் கொள்முதல் செய்து, கிடங்கில் வைத்துப் பூட்டி, சாவியைத் தொலைப்பதற்கு ஒப்பானது இது. சரக்கில் அப்படிச் செய்பவரை வியாபாரி என்று சொல்வோமா?

மாப்பிள்ளை வீட்டாரிடம் நகை, சீர் பேசும்போதே பெண்ணின் வேலையையும் பேசி முடிவு செய்யுங்கள். மருமகளாக வரும் பெண் பொறியாளர் என்றால் அவர் வேலைக்குப் போக வழிவிடுங்கள். குழந்தையை இரண்டொரு ஆண்டு தாத்தா, பாட்டி பார்த்துக்கொண்டால் குடியொன்றும் முழுகிவிடாது. வெளியூர் செல்ல இயலாதவர்களுக்கு நம் எண்ணெய் மில், மாவு மில், குளிர்பதனக் கிடங்கிலேயே பொறியாளர் வேலை உண்டு. அதை முதலில் அவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கணவரை இழந்த மகளை நம்பி ஒரு தந்தை அன்று போட்ட முதல், நாட்டுக்கே வரவானது. நம் வீட்டுப் பட்டங்களும் புழக்கத்துக்கு வரட்டும்.