உடனே இறங்கு

ஹெலிகாப்டர் பைலட்டின் அவசரகாலக் கையேட்டில் ஒவ்வொரு கோளாறுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். பெரும் கோளாறுகளில் அது மூன்று கட்டளைகளில் ஒன்றில் போய் முடியும். 'உடனே இறங்கு.' 'முடிந்தவரை விரைவில் இறங்கு.' 'வசதியான இடம் பார்த்து இறங்கு.' தஞ்சாவூர் வயல்களுக்கு மேலே பறப்பவருக்கு இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எங்கே குனிந்து பார்த்தாலும் தரை இருக்கிறது. கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடல்மேல் பறப்பவருக்கு அப்படியல்ல. மூன்றாவது கட்டளை வந்தால் கரைக்குத் திரும்பலாம். இரண்டாவது வந்தால் பக்கத்தில் இருக்கும் எண்ணெய்க் கிணற்று மேடையைத் தேட வேண்டும். முதல் கட்டளை வந்தால் தண்ணீர்தான்.

பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, ஓடிக்கொண்டிருக்கிற ஹெலிகாப்டரைத் தன் கையாலேயே கடலில் இறக்க ஒரு மனிதருக்கு மனம் வருமா? கடல் பைலட் ஆவதற்கான படிப்பு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான ஆயத்தம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்தியாவில் இந்த வேலையின் தலைமையிடம் மும்பை ஜுஹு. 1928-ல் தொடங்கிய விமானத் தளம் அது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் பைகளோடு வந்து இறங்கியது இங்கேதான். அந்தத் தபால் இங்கிருந்து இன்னொரு பைலட்டின் கையில் சென்னைக்குப் போனது. இன்று அதே ஓடுபாதையில் எண்ணெய் வயல் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர்கள் மேற்கே கிளம்புகின்றன. 1974-ல் 'சாகர் சாம்ராட்' என்ற துளையிடும் கலம் எண்ணெய் கண்டுபிடித்த மும்பை ஹை, கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். முக்கால் மணி நேரப் பயணம். அங்கே பதினான்கு நாள் வேலை, பிறகு பதினான்கு நாள் வீடு என்று வாழும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஹெலிகாப்டர்தான் டவுன் பஸ்.

2009 மார்ச் 12. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து எண்ணெய் வயலுக்குப் போன சிகோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகாப்டரில் 18 பேர் இருந்தார்கள். கியர்பாக்ஸின் எண்ணெய் வடிகட்டியைப் பிடித்திருந்த மூன்று டைட்டானிய ஆணிகளில் இரண்டு முறிந்தன. எண்ணெய் முழுவதும் வெளியேறியது, அழுத்தமானி சரிந்தது. பைலட்டுகள் கரையை நோக்கித் திரும்பினார்கள். எண்ணெய் போனால் சூடு ஏற வேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. வெப்பமானியோ அசையவில்லை. சென்சாரைச் சுற்றி எண்ணெயே இல்லாதபோது அது எதன் சூட்டை அளக்கும்? ஒருவேளை மானியில்தான் கோளாறோ என்ற எண்ணத்துக்கு அது இடம் கொடுத்துவிட்டது. எச்சரிக்கை வந்து சுமார் பதினொரு நிமிடத்தில் ஹெலிகாப்டர் கடலில் மோதியது. ஒரே ஒருவர் பிழைத்தார். எண்ணெய் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கினால் கையேடு சொல்வது முதல் கட்டளையைத்தான்.

இறந்துபோன அந்த இரு பைலட்டுகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் இருக்கையில் வேறு யார் இருந்தாலும் கீழே குளிர்ந்து கிடக்கும் அட்லாண்டிக்கைப் பார்த்துத் தயங்கத்தான் செய்வார்கள்.

மூன்றாண்டு கழித்து வட கடலில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2012 மே மாதத்திலும் அக்டோபரிலும் இரண்டு இசி-225 ஹெலிகாப்டர்களில் கியர்பாக்ஸின் உள்தண்டு விரிசல் கண்டு எண்ணெய் பம்புகள் நின்றன. கைகொடுக்க வேண்டிய அவசர மசகு ஏற்பாடும் பழுது என்று விளக்கு எரிந்தது. இரண்டு முறையும் பைலட்டுகள் கடலில் இறக்கினார்கள். ஒன்றில் 14 பேர், மற்றதில் 19 பேர். அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்த விளக்கு எரிந்ததே தவறு, மசகு ஏற்பாடு உண்மையில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. அதனால் அந்த முடிவு தவறாகிவிடாது. கையில் இருந்த தகவலை நம்பி, ஓடுகிற இயந்திரத்தைத் தண்ணீரில் வைத்த அந்தக் கைகளைத்தான் நான் மெச்சுகிறேன்.

இன்றைய கடல் ஹெலிகாப்டர்கள் வெகுவாக மாறிவிட்டன. மும்பைக் கடலிலும் பறக்கும் ஏடபிள்யூ-139-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு எஞ்சின், ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும். முட்களோடு வட்ட வட்டமாக இருந்த மானிகளின் இடத்தில் நான்கு பெரிய திரைகள். உயரம், திசை, வேகம் எல்லாவற்றையும் தானே பிடித்துக்கொள்ளும் ஆட்டோபைலட். கியர்பாக்ஸின் அதிர்வைப் பதிவுசெய்து, பல் தேய்வதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சென்சார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் திரையைக் கண்காணித்து வாய்விட்டுச் சொல்வார். தவறு கண்டால் கேப்டனாகவே இருந்தாலும் தடுத்துப் பேசுவது கோ-பைலட்டின் கடமை. மூத்தவரை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் வராது. பயிற்சியில் இதற்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் கடைசிச் சில நூறு மீட்டர் கண்ணுக்கும் கைக்கும் உரியது. ஹெலிகாப்டரின் நீளமே ஏறத்தாழ 17 மீட்டர். இறங்கும் டெக் சில இடங்களில் அதைவிடச் சற்றுத்தான் பெரிது. ஒரு பக்கம் கிரேன், இன்னொரு பக்கம் எரிவாயு எரியும் குழாய், நடுவில் மேடையின் எஞ்சின்கள் கக்கும் வெப்பக் காற்று. கப்பல் மேல் உள்ள டெக்காக இருந்தால் அதுவும் அலையோடு ஏறி இறங்கும்.

இரவு இன்னும் கடுமை. கருப்புக் கடல், கருப்பு வானம், நடுவே ஒளிரும் ஒரே ஒரு புள்ளி. எது மேல், எது கீழ் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்கும். மும்பைக் கடலில் 2015 நவம்பர் 4 அன்று இரவில் இறங்கிப் பழகக் கிளம்பிய ஹெலிகாப்டர் கடலில் விழுந்து இரு பைலட்டுகளும் போனார்கள். உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கருவி சொல்வதை நம்பக் கற்பதற்குத்தான் சிமுலேட்டரில் அத்தனை மணி நேரம்.

தண்ணீரில் இறங்கிய பிறகும் ஆபத்து தீர்வதில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் கூரைமேல் இருப்பதால் ஹெலிகாப்டர் தலைக்கனம் உடையது. மிதவைகள் விரிந்தாலும் அலையில் குப்புறக் கவிழக்கூடும். அதனால் பைலட்டும் பயணிகளும் ஒரு நீச்சல் குளத்தில் பழகுகிறார்கள். பொம்மைக் கேபினில் கட்டிவைத்து, நீருக்குள் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். ஒரு கை ஜன்னல் சட்டத்தில், மறு கை பெல்ட்டில். புரள்வது நிற்கும்வரை பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது. மூக்கில் நீர் ஏறும், திசை தெரியாது. பிடித்திருக்கும் அந்தக் கைதான் வழிகாட்டி. மும்பைக் கடலில் 2022 ஜூன் 28 அன்று 'சாகர் கிரண்' என்ற துளையிடும் மேடையை நெருங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் கடலில் இறங்கியபோது ஒன்பது பேரில் ஐந்து பேரைத்தான் உயிரோடு மீட்க முடிந்தது.

இந்த இருக்கைக்கு எப்படி வருவது? பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் எழுத்துத் தேர்வுகள், ஹெலிகாப்டரில் 150 மணி நேரப் பறப்பு. இவை முடிந்தால் வணிக பைலட் லைசென்ஸ். கேப்டனாவதற்கான உயர் லைசென்ஸுக்கு 1,000 மணி நேரம். நடுவில் இருக்கும் 850 மணி நேரம்தான் பெரிய பள்ளம். 150 மணி நேரக்காரருக்குக் கடல் வேலை தர யாரும் முந்துவதில்லை. அதனால் கேப்டன் இருக்கைகள் பெரும்பாலும் முப்படைகளிலிருந்து வந்தவர்களிடம் இருக்கின்றன. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் அரக்கோணம் ராஜாளி தளத்தில்தான் இருக்கிறது. 2024 ஜூனில் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் தேர்ச்சி பெற்றதும் அங்கேதான்.

படையில் சேராமல் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பள்ளத்தைத் தாண்டப் பாலம் இல்லை. கடல் ஒப்பந்தங்களை வழங்கும் பொதுத்துறை நிறுவனங்கள், ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் புதிய கோ-பைலட்டுகளைச் சேர்த்து சிமுலேட்டர் பயிற்சி தருவதை ஒரு நிபந்தனையாக வைக்க வேண்டும். அனுபவம் கேட்கிறவர்கள்தான் அனுபவம் கிடைக்கவும் வழி செய்ய வேண்டும்.

இந்த வேலைக்கு ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு சொல். பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நீச்சல் தெரியாதென்றால் இந்த வாரமே கற்கத் தொடங்குங்கள்.