கொடை இரவும் மாணவர் நோட்டும்

திருநெல்வேலிச் சீமையின் வாய்மொழிக் கதைகளைத் திரட்டும் வேலை நோட்டும் பேனாவுமாகத்தான் தொடங்கியது. நாங்குநேரியில் 1917இல் பிறந்த நா. வானமாமலை, தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வந்தவர். அவர் தொகுத்து 1964இல் வெளிவந்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ நூலுக்கு ஊர் ஊராகப் பாடல் எழுதித் தந்தவர்களில் எஸ்.எஸ். போத்தையா போன்ற பள்ளி ஆசிரியர்கள் உண்டு. 1967இல் நா.வா. நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழ் வந்தது. வயல்வேலைப் பாட்டையும், கோயில் திருவிழாவான கொடையில் பாடும் கதையையும் ஆய்வுக்கு உரிய ஆவணங்களாகப் பார்க்கும் பழக்கம் இந்தப் பக்கத்து இளைஞர்களிடம் வேர்பிடித்தது இந்தக் குழுவால்தான்.

மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக நா.வா. பதிப்பித்த கதைப்பாடல்களில் ஒன்று முத்துப்பட்டன் கதை. பிராமண இளைஞனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க ஆசைப்படுகிறான். பூணூலை அறுத்துவிட்டு, தோல் அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தால் பெண் தருவதாகச் சொல்கிறார் வாலப்பகடை. அவனும் அப்படியே செய்கிறான். கடைசியில் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். அங்கே தோல் செருப்புதான் காணிக்கை. கட்டிவிட்டுப் போன செருப்பு பிறகு தேய்ந்து கிடக்கும், பட்டவராயன் போட்டு நடந்ததால் வந்த தேய்மானம் அது என்பது பக்தர்களின் நம்பிக்கை.

கதையின் எல்லாப் பாடங்களும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிராமணருக்குப் பிறந்து, வாலப்பகடை எடுத்து வளர்த்த பிள்ளைகளாகிவிடுகிறார்கள். சாதி கடந்த கலியாணத்தின் காரத்தைக் குறைக்கப் பின்னால் ஒட்டிய ஒட்டு இது என்பது நா.வா.வின் வாதம். அந்த வாதத்தைச் சோதிக்க ஒரு பாடம் போதாது. எந்த ஊரில், எந்தச் சாதியார் நடத்திய கொடையில், யார் பாடியது என்ற குறிப்போடு பல பாடங்கள் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். அச்சுப் புத்தகத்தால் இதற்கு இடம் கொடுக்க முடியாது. மின் ஆவணக் காப்பகத்தால் முடியும். அதன் முதல் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

நோட்டுக்கு அடுத்து வந்தது கேசட். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் தே. லூர்துவும் உடனிருந்தவர்களும் நாட்டார் வழக்காற்றியலை ஒரு பாடத்துறையாகவே வளர்த்தார்கள். அங்கு அமைந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் களப்பதிவுகளைச் சேர்க்கும் இடமாயிற்று. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொ. பரமசிவன் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த காலத்தில் மாணவர்கள் தத்தம் ஊர்களின் சாமிகளையும் சடங்குகளையும் ஆய்வுப் பொருளாக எடுக்கத் துணிந்தார்கள். சொந்த ஊரை ஆய்வது லேசான காரியமில்லை. சாமியாடும் கோமரத்தாடி மாமாவாக இருப்பார், வில்லுப்பாட்டு பாடும் வில்லுக்காரர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். கதவு தானே திறக்கும். ஆனால் எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், மாணவரும் கேட்க மறந்துவிடுவார்.

கேசட்டுக்கும் ஆயுள் உண்டு. காந்தப் பூச்சு உதிரும், பூஞ்சை பிடிக்கும், ஓட்டுகிற கருவியே கடையில் கிடைக்காது. மின்வடிவாக்கத்தில் அவசரத்துக்கு இடமில்லை: 90 நிமிட நாடாவை மாற்ற 90 நிமிடம் உட்கார வேண்டும். பழைய நாடாக்களுக்கு ஒலிக் காப்பகத்தார் பரிந்துரைப்பது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் சுருக்கப்படாத கோப்பு. இரு தட ஒலியாக ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் ஆகும். ஆறு மணி நேரக் கொடைப் பாட்டு 12 ஜிகாபைட்டை விழுங்கிவிடும். செல்போனில் எடுத்த சுருக்கப்பட்ட கோப்பு கேட்பதற்குப் போதும், காப்பகத்துக்குப் போதாது.

ஆனால் கொடை இரவில் மாணவரைத் திணறடிப்பது கோப்பின் அளவைவிட நிகழ்ச்சியின் போக்குதான். வில்லில் மணி குலுங்குகிறது, குடம் அதிர்கிறது, வலத்தே பாடுபவர் எடுத்துக் கொடுக்க இடத்தே பாடுபவர் ஏற்றுப் பாடுகிறார். சாமி வந்ததும் நையாண்டி மேளம் உச்சத்துக்கு ஏறுகிறது. கதை நிற்கிறது, அல்லது ஓடுகிறது. ஒலிபெருக்கி இத்தனையையும் கரகரப்பாக்கிவிடும். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளில் களப்பணி செய்த அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியிட்ட நூலில், கதையைச் சடங்கிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது என்று காட்டினார். ஆகவே ஒலிக் கோப்போடு நேரக் குறிப்பும் வேண்டும்: எந்த வரியில் சாமி வந்தது, எப்போது சாமிக்குப் படப்பு (படையல்) போட்டார்கள், நடுச்சாமத்தில் எந்தக் கட்டம் நடந்தது. இதை நோட்டில் குறிப்பவர் அந்த இரவு அங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர் மட்டுமே. கோப்பு அழிந்தாலும் குறிப்பு இருந்தால் ஏதோ மிஞ்சும். குறிப்பு இல்லாத கோப்போ வெறும் சத்தம்தான்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. கேப் டவுனில் 1870களில் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாய்டும் புஷ்மன் கதைசொல்லிகளிடம் கேட்டு எழுதிய நோட்டுகள் 12,000 பக்கத்துக்கு மேல். அவற்றில் பெரும்பகுதி எழுதப்பட்ட மொழியைப் பேச இன்று ஆள் இல்லை. கேப் டவுன் பல்கலைக்கழகம் அந்த நோட்டுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றைப் படிக்க முடிவதற்குக் காரணம், யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பதைக் குறித்துவைத்த கைகள்தான்.

தமிழில் 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக மின்னூலகம் நடத்துகிறது. அதன் ‘தகவலாற்றுப்படை’ தொல்லியல் இடங்களையும் கோயில்களையும் ஆவணப்படுத்துகிறது. ஈழத்தில் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் நூல்களையும் இதழ்களையும் காப்பாற்றிவருகிறது. கல்லும் நூலும் பொதுவெளியில் கிடப்பதில் சிக்கல் குறைவு. வாய்மொழிக் கதை அப்படியில்லை. நெல்லைப் பக்கத்து மாடன், இசக்கி கதைகளில் பல, கொலையுண்டவர் தெய்வமான கதைகள். கொன்றவர் வழி வந்தவர்களும் அதே ஊரில் இருக்கலாம்; சாதிப் பெயரும் நிலத் தகராறும் வரிக்கு வரி வரும். கோப்பை யாரும் எங்கிருந்தும் கேட்கலாம் என்று திறந்துவிடுவதற்கு முன் வில்லுக்காரரிடமும் கோயில்காரரிடமும் சம்மதம் கேட்பதும், சில பகுதிகளை ஆய்வாளருக்கு மட்டும் என்று பூட்டி வைப்பதும் அதனால்தான் தேவை. பாடியவருக்கு ஒரு பிரதி போய்ச்சேர வேண்டும். பென் டிரைவில் கொடுத்தால் போதும். அடுத்த கொடைக்கு முன் தன் பாட்டைத் தானே கேட்டுப் பார்த்து, விட்டுப்போன வரியை மாணவருக்கு அவரே சொல்லிக்கொடுப்பார்.