நடுக்குவாதத்தின் கண்மாய்க் கணக்கு

நாகமலை புதுக்கோட்டையில், தேனிச் சாலையோரத்துத் தேநீர்க்கடைப் பெஞ்சில் வந்து அமரும் பெரியவர் ஒருவரின் வலக்கையை நான் பல நாள் கவனித்திருக்கிறேன். மடிமீது சும்மா கிடக்கும் வேளையில் அதன் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இல்லாத திருநீற்றை இடைவிடாமல் நெருடிக்கொண்டிருக்கும். கிளாஸைப் பற்றிய கணமே அந்த நடுக்கம் பெரும்பாலும் தணிந்துவிடும். ஓய்வில் தோன்றிச் செயலில் அடங்கும் நடுக்கத்தைத் தரும், நடுக்குவாதம் என்னும் இந்த விசித்திர வியாதியை, 1817ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் விவரித்து எழுதியமையால், அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

நடுமூளையில் கருநிறம் பூண்ட சிறு பகுதியொன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை லெவோடோபாவாகவும், அதனை டோபமைனாகவும் மாற்றுகின்றன. இவ்வணுக்கள் மடிந்து டோபமைன் குன்றும்போது அங்க அசைவுகள் தடுமாறுகின்றன. ரத்தத்திலுள்ள டோபமைன் மூளைக்குள் புகாது, லெவோடோபா புகும். ஆதலால் அதுவே ஔஷதமாயிற்று. வேலிகளில் படர்ந்து, தொட்டவரைச் சொறியவைக்கும் நம் பூனைக்காலியின் விதையிலிருந்து தாமோதரனும் ராமசாமியும் அந்த லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டார்கள். நடுக்குவாதத்துக்கு அது பயன்படும் என்பது 1961இல் வியன்னா நோயாளிகளிடம்தான் புலப்பட்டது.

மருந்து கிடைத்தும், அணுக்கள் ஏன் மடிகின்றன என்ற கேள்வி நின்றது. இங்கேதான் கணித சாஸ்திரம் வைத்தியத்துக்குத் துணை வருகிறது. கண்மாயில் இன்றுள்ள நீர், வரத்துக்கால் கொணர்ந்ததிலிருந்து மடையும் கலிங்கும் வெயிலும் கொண்டுபோனதைக் கழித்தால் தெரியும் என்பது நம் சீமைக் குடியானவர் அறிந்த கணக்கு. அணுவுக்குள் டோபமைன், கால்சியம், சக்தி ஆகிய ஒவ்வொன்றுக்கும் இவ்வாறே வரவு செலவுச் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் பிணைத்துக் கணிப்பொறியில் ஓடவிடுவதே மாதிரி எனப்படுவது. டோபமைன் மிகுந்தால் அதுவே தன்னை ஆக்கும் நொதியைத் தடுக்கிறது. நிரம்பியதும் தன் வரத்தைத் தானே அடைத்துக்கொள்ளும் கண்மாய் அது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தியின் குழுவினர் 2019இலும் 2021இலும் இத்தகைய மாதிரிகளை வெளியிட்டனர். டோபமைன் ஆக்கும் இந்த நரம்பணுக்கள் இரவும் பகலும் தாமே துடிப்பவை. கணக்கற்ற கிளைகள் விரித்தவை. உட்புகும் கால்சியத்தை ஓயாது வெளியே இறைக்க வேண்டியவை. ஆகவே சக்திச் செலவு மிகுந்தவை. குளுக்கோஸும் ஆக்ஸிஜனும் குறைந்தால் என்னாகும் என்று மாதிரியில் பார்த்தபோது, கால்சியம் தேங்கி, பைகளில் அடங்க வேண்டிய டோபமைன் அணுவினுள் கசிந்து, ஆக்ஸிகரணத்தால் நஞ்சாகி, அணு தன்னையே மாய்த்துக்கொள்ளும் நிலை தெரிந்தது. டோபமைன் குறையக் குறைய, அதனால் கட்டுண்டிருந்த அண்டைப் பகுதியொன்று கட்டவிழ்ந்து குளூட்டமேட்டைப் பொழிந்து, எஞ்சிய அணுக்களையும் வாட்டுகிறது. கடனுக்கு வட்டி ஏறுவது போன்ற நாசம் இது.

உயிருள்ள மூளையில் எந்த மடையையும் இஷ்டப்படி அடைத்துப் பார்க்க இயலாது, மாதிரியில் இயலும். இத்தனை நாசத்துக்கு இடையிலும், பாதியளவு அணுக்கள் மடியும்வரை மூளை எப்படியோ சமாளிக்கிறது. தேநீர்க்கடைப் பெரியவரின் விரல்கள் முதன்முதலாக நெருடத் தொடங்கிய நாளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே அவருடைய கண்மாய் வற்றத் தொடங்கியிருக்கும்.